நான்காம் முகம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு கால்புள்ளி பொய்யானாலும் எழுதிய விரல் ஒடியட்டும் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யப்பட்டிருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் நெருப்புக்குத் தடை என்பதால் அது மின்கற்பூரம், சத்தியம் அசல்தான்.

சஷ்டியின் முதல் நாள் காலை தங்கபுஷ்பம் முகங்களை விரதத்தில் உட்கார வைத்தாள். செவ்வாய்ச் செந்தூரில் அது வழக்கம். மனிதர்கள் ஆறு நாள் பட்டினி கிடக்கும்போது இயந்திரங்கள் மட்டும் தின்னலாமா? ஆகவே மின்கலங்களைக் கழற்றி விபூதித் தட்டில் வைத்துவிடுவார்கள். மூச்சுக்காற்று இயந்திரத்துக்கு மட்டும் கோயில் சபை விலக்கு அளித்திருந்தது. புஷ்பத்தின் தட்டில் நான்கு மின்கலங்கள் இருந்தன. ஊருக்குத் தெரிந்த முகங்கள் மூன்று. நான்காவது துணி போர்த்திக் கிடந்தது.

முகங்கள் என்றால் ராப் பாடகன் லிங்கதுரைக்கு அவள் செய்துகொடுத்த முகமூடிகள். மேடையில் அவன் பெயர் சூரன். ஒவ்வொரு முகத்துக்குள்ளும் ஓர் இயந்திர மாற்றாள் குடியிருந்தது. மாட்டியதும் அது அவன் தொண்டையில் பதித்த மின்சில்லைப் பிடித்துக்கொண்டு தானே பாடும். கழற்றும் வரை லிங்கதுரைக்குத் தன் நாக்கின்மேல் அதிகாரம் இல்லை. யானைமுகம் பிளிறும், சிங்கமுகம் வசைபாடும், சூரமுகம் தானே கடவுள் என்று முழங்கும். கடைசியில் வேல் வந்து குத்த, செம்புழுதியில் சாய்வான். கடல் இல்லாத குறையைப் புழுதி தீர்த்தது.

பாட்டெல்லாம் புஷ்பம் எழுதியது. பன்னிரண்டு வருடம். பேட்டிகளில் அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்: “நான் எங்க எழுதுதேன்? முருகன் கனவுல வந்து சொல்லுதான்.”

வேறொரு கவிஞன் பெயரைச் சொல்லியிருந்தால் வழக்காடலாம். முருகன்மேல் எப்படி வழக்குப் போடுவது?

ஒருமுறை கேட்டும் பார்த்தாள். “ஏல, எம்பேரச் சொன்னா ஒன் வாயி வெந்துருமோ?”

“யக்கா, சனம் சாமி குடுத்த பாட்டுன்னு கேக்குது. புஷ்பம் எழுதுனதுன்னா எவன் தேங்கா ஒடப்பான்?”

அன்றே அவள் நான்காம் முகத்தைச் செய்யத் தொடங்கினாள். லிங்கதுரையின் சொந்த முகம், மூக்கோர மருவோடு. அதிலிருந்த மாற்றாளுக்கு ஒரே வேலை: உள்ளதைச் சொல்லுவது. நாற்பதாயிரம் பேர் அவனைக் காறித் துப்ப வேண்டும். விரதத்தில் வயிறு காய்ந்த ஆறு நாளும் அவள் அந்தக் காட்சியைத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் மாலை, கை பழகிய வேகத்தில் மின்கலங்களை மாட்டினாள். மனம் அதற்குள் மேடைக்குப் போய்விட்டது.

மேடையில் தலைமாற்றுவதும் அவள் வேலைதான். சூரமுகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை நீட்டினாள்.

“இது என்னக்கா?”

“ஒன் மூஞ்சிதாம்ல. மாட்டு.”

லிங்கதுரை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மாட்டிக்கொண்டான். மேளம் நின்றது.

“ஒரு வரியும் என்னுது இல்ல. எல்லாம் தங்கபுஷ்பம் எழுதுனது. முருகன் என் கனவுல வந்ததே இல்ல. நான் திருட்டுப்பய.”

புஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். குவிமாடத்துக்குள் நாற்பதாயிரம் தொண்டைகள் அரோகரா போட்டன. தேங்காய்கள் உடைந்தன. நாலைந்து பேருக்கு அருள் வந்தது.

மேடையோரத்தில் ஒருத்தி கண்ணீரைத் துடைத்தாள். “எப்பேர்ப்பட்ட தத்துவம், பாத்தீங்களாக்கா? தங்கபுஷ்பம்னா அவரோட ஆணவம். அதுக்கு ஒரு பேரு வச்சிருக்காரு.”

“ஏட்டி, நான்தான் தங்கபுஷ்பம்.”

“நாம எல்லாருமே தங்கபுஷ்பம்தாங்க்கா.”

நிகழ்ச்சி முடிந்ததும் ரசிகர்கள் நான்காம் முகத்தைப் பறித்துப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லிங்கதுரை வெறும் முகத்தோடு பின்னறைக்கு வந்தான்.

“சொல்லிட்டேங்க்கா. எல்லாத்தையும்.”

“நீ எங்கல சொன்ன? நான் சொல்ல வச்சேன்.”

அவன் அவளைக் கைகூப்பிக் கும்பிட்டான். போய்விட்டான்.

மறுவாரம் ‘நானும் தங்கபுஷ்பம்’ என்று அச்சிட்ட பனியன்கள் வந்தன. நான்காம் முகம் கண்ணாடிப் பேழைக்குள் ஏறியது. வெள்ளிதோறும் அதற்குப் பாலாபிஷேகம். பாட்டை எழுதியது யார் என்று கேட்ட நிருபர்களிடமெல்லாம் லிங்கதுரை தங்கபுஷ்பத்தின் பெயரைச் சொன்னான். அவர்கள் அவளைச் சூரனின் ஐந்தாம் மாற்றாள் என்று எழுதினார்கள். தன் மாற்றாள் இத்தனை கச்சிதமாக வேலை செய்தும் பழி தீரவில்லையே என்று அவள் பொருமினாள். அடுத்த சஷ்டிக்கு இன்னும் கூர்மையாக ஒன்று செய்வதாகக் கறுவினாள்.

செவ்வாயில் ஐப்பசி வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். வந்தது. விபூதித் தட்டைத் துலக்க எடுத்தாள். பழைய விபூதியைத் தட்டினாள்.

நான்காவது மின்கலம், அன்று கழற்றி வைத்தபடியே, அதற்குள் கிடந்தது.