வசுமதி ஏறினால் வரும் விசில்

மெக்கானிக் காத்தவராயன் மூன்று நாளாக ஓட்டிப் பார்த்தும் அந்த வெள்ளை டீசல் கார் இழுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டர்போ விழித்துக்கொண்டு என்ஜினுக்குள் காற்றைத் திணிக்க வேண்டும், காதோரம் மெல்லிய விசில் ஒன்று கிளம்ப வேண்டும், யாரோ மார்பில் கைவைத்து சீட்டோடு அழுத்துவதுபோல வண்டி பாய வேண்டும். விசிலும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. டெல்லி ஆசிரமம் மேம்பாலத்தில் முள்ளங்கி ஏற்றிய சைக்கிள் ரிக்ஷா ஒன்று அவனைத் தாண்டிப் போனது. தாண்டியவன் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் தள்ளிவிடட்டுமா பையா என்று இந்தியில் கேட்டதாகவும் ஜங்புராவில் ஒரு பேச்சு உண்டு.

கார் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருக்கும் தட்சிணாமூர்த்தியுடையது. சர்க்காரில் அண்டர் செகரட்டரி. அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் காத்தவராயனின் மனைவி முத்தம்மா. "எங்க வீட்டுக்காரரு கை வெச்சா எந்த வண்டியும் உண்மைய சொல்லிடும் சார்" என்று பெருமையடித்து வண்டியை அனுப்பிவைத்ததும் அவள்தான்.

தமிழர் குடிசைகள் நெருங்கிய மதராசி கேம்ப் தொடங்கும் இடத்தில், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டி, நாலு தகரம் போட்டதுதான் ஷெட். அங்கே அவன் ரப்பர் குழாய்களைக் கழற்றி ஊதினான். கிளாம்புகளை மாற்றினான். சோப்புத் தண்ணீர் தடவி எங்காவது நுரை கிளம்புகிறதா என்று பார்த்தான். ஒரு கோளாறும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு தட்சிணாமூர்த்தி கிளம்பினார். தெருமுனையில் காய் வாங்கிக்கொண்டு நின்ற மனைவியை ஏற்றினார். அடுத்த நொடி, டிசம்பர் பனிக்குள் விசில் அடித்துக்கொண்டு அம்பாகப் பறந்தது வண்டி.

காத்தவராயன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"எப்ப இழுக்குது, எப்ப இழுக்கல, எழுதிக்கினு வாங்க சார்" என்று மறுநாள் சொல்லியனுப்பினான். சர்க்கார் உத்தியோகஸ்தரிடம் அப்படிச் சொல்லலாமா? அவர் ஃபைலே போட்டுவிட்டார். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, வரிசை எண், தேதி, இடம், பிக்கப், உடன் வந்தவர், ரிமார்க்ஸ். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து.

காத்தவராயன் எழுத்துக்கூட்டிப் படித்தான். இல்லை, தனியாக. இல்லை, தனியாக. உண்டு, மனைவியுடன்; மனைவிக்கு மூச்சுத் திணறல். இல்லை, தனியாக. உண்டு, மனைவியுடன், மனைவிக்கு மூச்சுத் திணறல், டாக்டரிடம் காட்டப்பட்டது.

"அம்மாவுக்கு முன்னேயே இருக்குதா சார், இந்த எளப்பு?"

"இல்லய்யா. வண்டி வாங்கினப்புறம்தான். டெல்லிப் பனி, புகை, எல்லாம்தான்."

"ஒரு வாட்டி அம்மாவயும் இட்டாங்க சார்."

"அவ எதுக்கு? அவளா ரிப்பேர் பண்ணப்போறா?"

ஆனாலும் வியாழக்கிழமை மத்தியானம் அழைத்து வந்தார். பனி இறங்கி, பகலிலேயே எல்லா வண்டியும் விளக்குப் போட்டுக்கொண்டு தவழ்ந்த நாள். முதலில் விசில் வந்தது, பிறகுதான் கார் வந்தது. பின்சீட்டில் சால்வையை இறுக்கிக்கொண்டு அவர் மனைவி வசுமதி. உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது.

"காத்தவராயன், உங்க சாருக்கு வண்டின்னா உசிரு. இதுக்குச் செல்லப்பேரு வெச்சிருக்கார். என்னை 'இந்தா'ன்னு கூப்பிடறார்."

"வண்டி வாயடிக்காது" என்றார் தட்சிணாமூர்த்தி. "ஜல்தி பாருய்யா. சனிக்கிழமை ரெண்டு பேரும் சிம்லா போறோம். மலை ஏறணும்."

காத்தவராயன் பானட்டைத் தூக்கும்போது ஒன்றைக் கவனித்தான். குளிருக்குக் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடியில் மூச்சுப் பட்டு வெள்ளை படிந்திருந்தது. வசுமதியின் கண்ணாடி துடைத்துவைத்ததுபோல் இருந்தது.

கவனித்தான், அவ்வளவுதான். பானட் எழுந்து வண்டிக்கு உள்ளே இருப்பதை மறைத்துவிட்டது.

அவனுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. என்ஜினை ஓடவிட்டு, காற்று போகும் குழாயைக் கழற்றி, அதன் வாயை உள்ளங்கையால் அடைப்பான். காற்றில்லாமல் என்ஜின் திணறி நின்றால் எல்லாம் சரி. நிற்காவிட்டால் வேறு எங்கிருந்தோ காற்றை எடுக்கிறது என்று பொருள். ஒருமுறை பார்த்ததை நம்பமாட்டான். எதையும் மூன்று முறை.

அடைத்தான். குழாய் அவன் கையைக் கவ்வி உறிஞ்சியது. என்ஜின் நிற்கவில்லை. அதே சீரில் ஓடியது. பானட்டுக்குப் பின்னால் வசுமதி இருமினாள்.

கையை எடுத்தான். இருமல் நின்றது.

மறுபடி அடைத்தான். இம்முறை இருமல் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் இழுப்பதுபோல ஒரு நீண்ட சத்தம். என்ஜின் சத்தம் என்றே நினைத்தான். காதைச் சாய்த்து ரசித்துக்கூடக் கேட்டான். கதவோரம் நின்ற தட்சிணாமூர்த்தி ஒருமுறை என்ஜினைப் பார்த்தார், ஒருமுறை பின்சீட்டைப் பார்த்தார்.

மூன்றாம் முறை பத்து வரை எண்ணினான். ஆறில் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். எட்டில் உதைத்தார்கள். ஒன்பதில் எல்லாம் அமைதியானது. அந்த அமைதியில் டர்போ, நின்ற வண்டியிலேயே, தானாக விசிலடித்தது.

கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். வசுமதி கதவில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. பிறகு, வெகுநேரம் கழித்து, நெஞ்சு ஏறியது.

"சார். வண்டி அம்மாகிட்டருந்து எடுக்குது சார். ஓட்றவங்கள ஒண்ணும் பண்ணல. கூட இருக்கறவங்ககிட்டருந்து. மூச்ச."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். திட்டுவார் என்று எதிர்பார்த்தான்.

"அச்சா" என்றார் தட்சிணாமூர்த்தி. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஃபைலைப் பிரித்து, ரிமார்க்ஸில் எழுதினார். "அப்போ மலை ஏறிடும்ங்கற."

*

புதன்கிழமை முத்தம்மா அழுதுகொண்டு வந்தாள். "அம்மா சிம்லா போற வழிலயே போய்ட்டாங்களாம்யா. மல ஏறும்போதே. அந்த மனுசன் அழக்கூட இல்ல. வண்டியத் தொடச்சிக்கினு நிக்கிறாரு."

"நீ இனிமே அந்த வூட்டுக்குப் போவாத."

"எழவு வூட்டுல பாத்தரம் அப்படியே கெடக்குது. காரியம் முடிய போய்ட்டு நின்னுக்கறேன். உனக்கு இன்னா வந்துச்சு?"

அந்த வண்டியில் மட்டும் ஏறாதே என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் என்பாள். அந்த ஏனுக்குள் அவன் உள்ளங்கை இருந்தது. குழாய் கவ்விய இடத்தில் சிவப்பு வட்டம் இன்னும் ஆறவில்லை. கையை மடக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பனி ஷெட் வாசலிலேயே வந்து நின்றது. எதிர்ச்சுவர் தெரியவில்லை. நாலாவின் நாற்றம், எங்கோ டயர் எரியும் நாற்றம், தகரத்திலிருந்து சொட்டும் ஈரம். முத்தம்மா வேலை முடிந்து நடந்து வரும் நேரம்.

விசில் கேட்டது.

மெலிதாக, தூரத்தில். பிறகு தெருமுனையில். வண்டியில் அவர் தனியாக இருந்தால் விசில் வராது. அந்த வீட்டில் இப்போது இன்னொரு ஆள் கிடையாது.

இன்னொரு ஆள் உண்டு.

வாசலில் கார் நின்றது. என்ஜினை அணைக்கவில்லை. முன்கதவுக் கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

"நீ சொன்னது கரெக்ட்யா. தனியாப் போனா சுத்தமா இழுக்கலை." தட்சிணாமூர்த்தியின் மடியில் ஃபைல் இருந்தது. "பாவம், குளிர்ல நடந்து வந்தா. ஏத்திக்கிட்டேன்."

"சார், கதவத் தொறங்க சார்."

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்."

கண்ணாடி ஏறியது. பின்கதவைப் பிடித்து இழுத்தான். பூட்டியிருந்தது. பானட்டில் அடித்தான். அதுவும் உள்ளிருந்துதான் திறக்கும். அந்த என்ஜினை நிறுத்த அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. காற்றை அடைப்பது. அடைத்தால் உள்ளே இருப்பவளிடமிருந்துதான் எடுக்கும்.

அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

முத்தம்மாவின் கை கண்ணாடியில் வந்து ஒட்டியது. சோப்புத் தூளில் வெடித்த உள்ளங்கை. பச்சை வளையல். அவள் அவனைப் பார்த்தாள். வாயை முழுதாகத் திறந்து கண்ணாடிமேல் வைத்தாள்.

கூடவே ஓடினான். ஸ்பேனரால் அடித்தான். ஒருமுறை. மூன்று முறை. கீறல்கூட விழவில்லை. வண்டி நழுவியது. பனி மூடியது. விசில் மட்டும் ஆசிரமம் மேம்பாலம் ஏறியது, சீராக, கொஞ்சமும் குறையாமல்.

கடைசியாக அவன் பார்த்தது அந்தக் கண்ணாடியை. திறந்த வாய் அதன்மேல் அழுந்தியிருந்தது.

கண்ணாடியில் ஒரு சொட்டு வெள்ளைகூடப் படியவில்லை.