ஒரு நொடியில் தொண்ணூறு நிமிடம்

நிலவின் தென்முனைப் பல்கலைக்கழகத்தில் காலை எட்டு மணி என்பது எடை வாங்கும் நேரம். நிர்வாகப் பணியாளர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடைக்கூடத்தின் முன் வரிசையில் நிற்பார்கள். உள்ளே ஒரு பெரிய சக்கரம் சுழலும். அதன் உள்விளிம்பில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால், பூமியில் இருந்தபோது இருந்த எடை திரும்ப வந்து சேரும். கன்னம் தொங்கும், முழங்கால் வலிக்கும், சட்டைப்பையில் இருக்கும் பேனாகூடக் கனக்கும். நாற்பது நிமிடம் ஆனதும் மணி அடிக்கும். எல்லோரும் பழையபடி ஆறில் ஒரு பங்கு மனிதர்களாகி, துள்ளித் துள்ளி அவரவர் இருக்கைக்குப் போய்ச் சேருவார்கள்.

இந்த எடை சும்மா ஒரு சடங்கு அல்ல. நிலவில் உடம்பைத் தாங்கும் வேலை எலும்புக்கு அதிகமில்லை. வேலையில்லாத எலும்பு மெலிந்துவிடும். அலுவலகத்தில் வேலையில்லாதவர்கள் பருத்துப் போவதுதான் வழக்கம். எலும்பு மட்டும் நேர்மாறு. அதை அளக்க எலும்பெண் என்று ஓர் எண் வைத்திருந்தார்கள். எழுபதுக்குக் கீழே போனவரைப் பூமிக்குப் போகும் கலத்தில் ஏற்றமாட்டார்கள். ஏற்றினால், இறங்கிய அன்றே இடுப்பு முறியும்.

பேராசிரியர்களுக்கு நாளொன்றுக்குத் தொண்ணூறு நிமிட எடை. நிர்வாகப் பணியாளர்களுக்கு நாற்பது. பேராசிரியரின் எலும்பு உயர்ந்தது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. தொடக்கத்தில் யாரோ அப்படிப் போட்டார்கள், அப்படியே வந்துவிட்டது.

தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் மரகதவல்லிக்கு எலும்பெண் எழுபத்திரண்டு. ஆண்டுக்கு இரண்டு குறைந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. கணக்குப் போட நிபுணர் குழு எதுவும் தேவையில்லை. கிளம்பும் நாளில் அறுபத்தாறு இருக்கும், கிளம்ப முடியாது. அவருடைய கணவர் சுடலைமுத்து அதே பல்கலைக்கழகத்தின் பண்டகப் பிரிவில் இருந்து, போன ஆண்டு எழுபத்தொன்றோடு தப்பித்துத் தென்காசிக்குப் போய்விட்டார். மாடியில் உட்கார இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அடுத்த வாரம், ஒன்றில் துணி காயப்போடுவதாக எழுதினார். மரகதவல்லி அதைப் படித்துவிட்டு, அறுபத்தாறு வரும் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்.

அவர்தான் நிர்வாகப் பணியாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரும்கூட.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தம் போடுவார்கள். அதற்கென்று ஒரு முறை உண்டு. சம்பளமோ விடுப்போ, சங்கம் தேவையானதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். பல்கலைக்கழகம் ஒன்றும் முடியாது என்று சொல்லும். பிறகு நடுவில் எங்கோ கை குலுக்கிக்கொள்வார்கள். இந்த முறை மட்டும் மரகதவல்லி செயற்குழுவில் பிடிவாதமாக இருந்தார். தொண்ணூறு நிமிடம் இருந்தால் எலும்பு தேயாது என்று மருத்துவ அறிக்கையே இருக்கும்போது எதற்கு நூற்றெண்பது கேட்டு நாடகம் போட வேண்டும்?

"உள்ளதக் கேப்போம் அண்ணாச்சி. அறிக்கையக் காட்டுவோம். இல்லைன்னு எப்படிச் சொல்லுவாவ?" என்றார்.

துணைச் செயலாளர் கோமதிநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. பதிவேட்டுப் பிரிவில் முப்பது ஆண்டு இருந்தவர். வந்த தபாலைப் பிரிக்கும் முன்பே அதில் வில்லங்கம் இருப்பதாக நம்புகிறவர். இருந்தாலும் அறிக்கையைப் பார்த்துத் தலையாட்டினார்.

இதற்கிடையில் பல்கலைக்கழகமும் ஒரு காரியம் செய்திருந்தது. போன ஒப்பந்தப் பேச்சு இருபத்தாறு மாதம் நடந்தது. அதில் நொந்துபோன ஆட்சிக்குழு, ஒப்பந்தி என்ற பொறியை வாங்கிப் பதிவாளர் அறையில் வைத்தது. பார்ப்பதற்கு மிக்ஸியின் அடிப்பாகம் மாதிரி இருக்கும். மேலே ஒரு நீல விளக்கு. எல்லாக் கோப்புகளையும் படித்திருந்தது. இரண்டு தரப்பும் ஏற்கும் ஓர் உடன்பாட்டைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்குவதே அதன் வேலை. ஆட்சிக்குழு அதற்கு முழு அதிகாரம் கொடுத்திருந்தது.

முதல் சுற்றுக்கு மரகதவல்லி பதினான்கு பக்க உரை தயாரித்துக்கொண்டு கோமதிநாயகத்தோடு போனார். எதிரே பதிவாளர் ஜெபமணி, மேஜைமேல் ஒப்பந்தி.

"நாளொன்றுக்குத் தொண்ணூறு நிமிட எடை வழங்க வேண்டும் என்ற எமது நீண்டநாள் கோரிக்கை..." என்று தொடங்கினார்.

"ஏற்கிறேன்," என்றது ஒப்பந்தி.

மரகதவல்லி இரண்டாம் பக்கத்தைத் திருப்பப் போன கையை நிறுத்திக்கொண்டார்.

"மருத்துவ அறிக்கை சரியாக இருக்கிறது. சக்கரத்தில் இடமும் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் நடைமுறைக்கு வரும். வேறு ஏதும் உண்டா, அம்மா?"

வேறு ஏதும் இல்லை. தேநீர்கூட இன்னும் வந்து சேரவில்லை. ஜெபமணி நிம்மதியாக எழுந்து கைகொடுத்தார். மரகதவல்லிக்குக் கண் கலங்கியது. மனக்கண்ணில் அந்த நாற்காலியிலிருந்து துணிகளை எடுத்து மடித்து வைத்தார். கோமதிநாயகம் மட்டும் ஒப்பந்தியின் பின்பக்கம் போய் ஒருமுறை குனிந்து பார்த்தார்.

மாலை வாயிற்கூட்டம். நிலவில் கோஷம் போடுகிறவர்கள் கையை வேகமாக உயர்த்தினால் காலும் தரையைவிட்டுக் கிளம்பிவிடும் என்பதால், பிரதான வாயிலில் பிடித்துக்கொள்ள ஒரு நீளக் கம்பி போட்டிருந்தார்கள். அதை ஒரு கையால் பிடித்தபடி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் செய்தியைக் கேட்டார்கள். யாரும் கைதட்டவில்லை.

"எத்தனை சுற்று நடந்துச்சு?" என்று ஒரு குரல்.

"ஒண்ணுதான்," என்றார் மரகதவல்லி.

"எவ்வளவு நேரம்?"

மரகதவல்லிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஒரு நொடி," என்றார்.

கூட்டம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கோமதிநாயகம் முன்னால் வந்தார்.

"எனக்கு அப்பவே மனசுக்குச் சரியாப் படல. முப்பது வருசமா ஒரு நிமிசம் கூட்டித் தராதவன், கேட்டு வாய மூடதுக்குள்ள அம்பது நிமிசம் தாரான்னா என்ன அர்த்தம்? நாம ஒண்ணரை மணி நேரம் சக்கரத்துல உக்காந்திருக்கையில நம்ம சீட்டுல அந்த ஒப்பந்தி மாதிரி நாலு டப்பாவத் தூக்கி வச்சிருவான். ஒரு வருசம் கழிச்சு, 'நீங்க இல்லாமலே வேலை நடக்குதுல்லா'ம்பான். இது எடை இல்லவே, வலை."

அவர் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரம் இல்லாததே அது எவ்வளவு ரகசியமான திட்டம் என்பதற்குச் சான்றாகிவிட்டது. இன்னொருவர், செயலாளர் தனக்கு என்ன வாங்கிக்கொண்டு இதற்குச் சம்மதித்தார் என்று கேட்டார். பேச்சுவார்த்தை நடத்தாமல் வழங்கப்பட்ட தொண்ணூறு நிமிடத்தைச் சங்கம் வன்மையாக நிராகரிப்பதாகவும், நிர்வாகம் முறைப்படி பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும் என்றும் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஒரே ஓட்டு. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் மரகதவல்லி தனியாகப் பதிவாளர் அறைக்குப் போனார். ஜெபமணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கேட்டதக் குடுத்தாச்சு. இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

"மறுக்கணும் சார்," என்றார் மரகதவல்லி. "நல்லா மறுக்கணும். நாங்க வெளிநடப்பு செய்யணும். போராடணும். அப்புறம் நீங்க கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வந்து, கடைசில தொண்ணூறு தரணும். அப்பதான் எங்க ஆளுக வாங்குவாங்க."

ஒப்பந்தியின் நீல விளக்கு சிமிட்டியது. "சரியான எண் மறுக்கப்பட்டது என்பது எனக்குப் புதிய தகவல். ஏற்கப்படாத எண்ணால் ஒப்பந்தம் ஆகாது. எப்படி மறுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அம்மா."

"பழைய கோப்பெல்லாம் உங்ககிட்ட இருக்குல்லா? அதுல இருக்க மாதிரியே செய்யுங்க."

"அதில் இருப்பது போலவே?"

"அப்படியே," என்றார் மரகதவல்லி. அவசரத்தில் அந்தச் சொல்லை யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

ஒப்பந்தி பழைய பத்து ஒப்பந்தங்களின் கோப்புகளையும் திரும்பப் படித்தது. நல்ல மாணவன்தான். அடுத்த சுற்றில், "நாற்பதுக்கு மேல் ஒரு நிமிடம்கூட இயலாது" என்றது. செயற்குழுவினரின் முகம் மலர்ந்தது. மூன்றாம் சுற்றில், "பரிசீலிக்கப்படும்" என்றது. நான்காம் சுற்றை, முக்கிய உறுப்பினர் வரவில்லை என்று சொல்லித் தள்ளிவைத்தது. அந்த முக்கிய உறுப்பினர் அதுதான். ஐந்தாம் சுற்றில் மேஜையைத் தட்ட வேண்டியிருந்தது. ஒப்பந்திக்குக் கை இல்லை. கோப்பில் இருக்கிறது என்பதற்காகப் பதிவாளர் தட்டினார். நிலவில் மேஜையைத் தட்டினால் தட்டியவர்தான் எழும்பிப் போவார். அவர் மேலே போய்த் திரும்பி இருக்கைக்கு வருவதற்குள் சங்கத்தார் வெளிநடப்பு செய்துவிட்டார்கள். கோமதிநாயகம் வெளியே வந்து, "இப்பத்தான் பேச்சுவார்த்தை மாதிரி இருக்கு" என்றார்.

வேலைநிறுத்தம் தொடங்கியது. புதிதாக வந்த மாணவர்கள் எண்பது பேருக்கு, அவர்கள் மாணவர்கள்தான் என்பதற்கான சான்றிதழ் கிடைக்கவில்லை; சான்றிதழ் இல்லாமல் உணவுக்கூடத்தில் தட்டு தர மறுத்தார்கள். எடைக்கூடத்தையும் புறக்கணிப்பது என்று சங்கம் முடிவெடுத்தது. தங்கள் எலும்பைத் தாங்களே பதினொரு நாள் பட்டினி போட்டார்கள். மரகதவல்லி ஒவ்வொரு நாளும் கம்பியைப் பிடித்தபடி "தொண்ணூறு" என்று கத்தினார். அவர் கத்துவதில் ஓர் உண்மை இருந்தது எல்லோருக்கும் கேட்டது. அவர் விலைபோனவர் என்ற பேச்சு மூன்றாம் நாளே நின்றுவிட்டது.

பன்னிரண்டாம் நாள் ஆறாவது சுற்று. ஒப்பந்தி மிகவும் களைத்த குரலில் பேசியது. அதுவும் கோப்பிலிருந்து எடுத்ததுதான்.

"இறுதியாகச் சொல்கிறேன். அறுபத்தைந்து."

மரகதவல்லி தலையை அசைத்தார். "தொண்ணூறு."

பக்கத்திலிருந்த கோமதிநாயகம் அவர் கையைப் பிடித்தார். "போதும் மரகதம்மா. நாப்பதுல இருந்து அறுபத்தஞ்சு. இப்படி ஒரு வெற்றி நம்ம சங்கத்துல கண்டதில்ல. இதுக்கு மேல இழுத்தா அறும்."

"அண்ணாச்சி, தொண்ணூறு வேணும். மருத்துவ அறிக்கை..."

"தொண்ணூறுங்கது அவன் போட்ட வலைலா? அத நாம திரும்பக் கேக்கலாமா?"

மரகதவல்லி ஒப்பந்தியைப் பார்த்தார். விளக்கு அசையாமல் எரிந்தது. தொண்ணூறு முன்பே கொடுத்த எண்தான், மறுக்கச் சொன்னதே நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். செயற்குழு கையெழுத்துப் போட்டது. கடைசிக் கையெழுத்து அவருடையது. தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, பிறகு மேலே செருகினார். பார்த்தவர்கள் வெற்றியின் நெகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று வாயிலில் மாலை போட்டார்கள். மரகதவல்லிக்குப் பழைய சுற்றறிக்கைகளைக் கத்தரித்துச் செய்த மாலை. கோமதிநாயகம் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்தியதால் பேச்சின் முதல் பகுதியைக் காற்றிலிருந்தே நிகழ்த்தினார்.

"ஒரே வார்த்தையில தொண்ணூறு தாரேன்னு நம்மள ஏமாத்தப் பாத்தான். விட்டமா? பதினோரு நாள் நின்னு, போராடி, அறுபத்தஞ்சு வாங்கியிருக்கோம்."

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள்.

கூட்டம் கலைந்ததும் மரகதவல்லி மாலையோடு பதிவாளர் அறைக்குப் போனார். ஜெபமணி தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

"கடைசில தொண்ணூறுன்னுதானே சொன்னேன்?"

"கோப்பில் இருப்பது போலவே செய்யச் சொன்னீர்கள், அம்மா. பத்து ஒப்பந்தங்களும் கேட்டதற்கும் மறுத்ததற்கும் நட்ட நடுவில்தான் முடிந்திருக்கின்றன. நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடு அறுபத்தைந்து. நீங்கள் நூற்று நாற்பது கேட்டிருந்தால் தொண்ணூறு வந்திருக்கும்."

மரகதவல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபத்தைந்து நிமிடத்துக்கு ஆண்டுக்கு ஒன்று குறையும். மூன்று ஆண்டில் அறுபத்தொன்பது. ஒரே ஒரு எண் போதவில்லை. அவர் சத்தமில்லாமல் அழுதார். நிலவில் கண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். மாலையில் விழுவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"விதி பதினான்கின்படி," என்றது ஒப்பந்தி, "மருத்துவக் காரணம் உள்ளவர் தனியாக விண்ணப்பித்தால் தொண்ணூறு நிமிடம் வழங்கலாம். தொடக்கத்திலிருந்தே இருக்கும் விதி. இதுவரை யாரும் விண்ணப்பித்ததில்லை. உங்களுக்கு வேண்டுமா?"

மரகதவல்லி நிமிர்ந்தார். "எனக்கா? நான் என்ன செய்யணும்?"

"வேண்டும் என்று சொன்னால் போதும்."

"வேணும்."

ஆணை ஒரு நொடியில் அச்சாகி வெளியே வந்தது. பெயர், பிரிவு, எலும்பெண், தொண்ணூறு நிமிடம், எல்லாம் சரியாக இருந்தன. கீழே ஏற்பவர் கையொப்பம் போட ஒரு கோடு.

"இன்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்திட்டால் போதும், அம்மா. அதன்பின் காலாவதியாகும். நீங்கள் ஏற்காவிட்டால் விருப்பமில்லை என்று பதிவாகும். அடுத்த மூன்று ஆண்டுக்கு விண்ணப்பிக்க இயலாது."

மணி நான்கு. மரகதவல்லி பேனாவை எடுத்தார். ஆணையை ஒருமுறை படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"இதுல வேற ஒண்ணும் இல்லைலா?" என்றார்.

"இல்லை, அம்மா."

பதில் அவ்வளவு சீக்கிரம் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பேனாவை மூடினார். ஆணையை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை காட்டிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் அறுபத்தைந்து நிமிட வரிசையில் நின்றார்.