யாரோட மாமா?

மேக்கப் அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. யாராவது தட்டினால் திறப்பது ரேடியோவின் வேலை.

ரேடியோ ஐந்தாம் வகுப்புப் பெண். வாய் ஓயாததால் டான்ஸ் டீச்சர் வைத்த பெயர் அது.

டான்ஸ் போட்டிக்கு வந்த எல்லாக் குழுக்களுக்கும் அந்த ஒரே அறைதான். நாற்காலிகளில் ஜிகினாப் பாவாடைகள் கிடந்தன. தரையெல்லாம் ஹேர்பின். மூலையில் ஒரு துணித் திரை. அதன் பின்னால்தான் உடை மாற்ற வேண்டும்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"மாமாடா கண்ணு. போட்டோ எடுக்கணும்."

ரேடியோ தாழை நீக்கினாள். கழுத்தில் கேமராவோடு ஒருவர் நின்றிருந்தார். சிரித்த முகம்.

"வாங்க மாமா!"

அவர் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். "மாமா, என்னை எடுங்க!" "மாமா, எனக்கு இன்னொண்ணு!" அறையே கூச்சல் போட்டது.

பிறகு அவர் கேமராவைத் திரைப் பக்கம் திருப்பினார்.

"மாமா, அங்க டிரெஸ் மாத்துறாங்க" என்றாள் ரேடியோ.

"தெரியும் கண்ணு. சும்மா வெளிச்சம் பாக்குறேன்."

ரேடியோவுக்கு அது பிடிக்கவில்லை. வேறு குழுவின் நீல உடைக்காரியிடம் போனாள்.

"உங்க மாமாகிட்ட சொல்லேன். அந்தப் பக்கம் எடுக்க வேணாம்னு."

"எங்க மாமாவா? அவர் மஞ்சள் டீம் மாமா."

மஞ்சள் உடைக்காரி உதட்டுச் சாயத்தோடு திரும்பினாள். "எங்களுக்கு அவரத் தெரியவே தெரியாது. நீதானே 'வாங்க மாமா'ன்னு கூப்பிட்ட? உன் மாமான்னு நெனச்சேன்."



ரேடியோ திரும்பிப் பார்த்தாள். அவர் இல்லை. கதவு திறந்து கிடந்தது. பட்டாணியையும் காணோம்.

பட்டாணிதான் ரேடியோவின் குழுவில் சின்னவள். முன்பல் இரண்டும் விழுந்தவள்.

செருப்பைத் தேடவில்லை. ரேடியோ அப்படியே ஓடினாள்.

தாழ்வாரக் கோடியில் அவர் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"வெளியில நல்லா வரும் போட்டோ. அம்மாகிட்ட சொல்லிடாத. அவங்க பாத்து அசந்துடணும், என்ன?"

ரேடியோ பட்டாணியின் இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாள்.

"இவ பேரென்ன? சொல்லுங்க."

"பேரு எதுக்கும்மா? நான் மாமா."

"யாரோட மாமா?"

அவர் சிரித்தார். பட்டாணியின் கையை விடவில்லை.

ரேடியோ முழுச் சத்தத்தையும் திறந்தாள்.

"டீச்சர்! இவர் யாரோட மாமாவும் இல்ல! பட்டாணியக் கூட்டிட்டுப் போறாரு!"

ஏணி மேல் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் திரும்பினார். இறங்கினார் என்பதைவிடக் குதித்தார் என்று சொல்லலாம். நேராகப் பக்கவாட்டு வாசலில் போய்க் குறுக்கே நின்றார். மேடைப் பக்கமிருந்து டீச்சர் ஓடி வந்தார்.

அந்த ஆள் கையை விட்டார். "சும்மா போட்டோதாங்க."

"அத போலீஸ்கிட்ட சொல்லு" என்றார் எலக்ட்ரீஷியன்.

போலீஸ் வந்தது. கேமராவைப் பார்த்த பெண் போலீஸின் முகம் மாறியது. அதை யாரிடமும் காட்டவில்லை. அந்த ஆளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

டீச்சர் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "காலையில அவருக்கு வணக்கம் வேற சொன்னேன். யாரோ ஒரு பிள்ளையோட அப்பான்னு நெனச்சேன்."

பட்டாணி விசும்பினாள். "நான் தப்பு பண்ணிட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணலடா செல்லம்."

"நான் பண்ணினேன் டீச்சர்" என்றாள் ரேடியோ. "நான்தான் கதவத் திறந்தேன்."

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் கதவுல ஒரு பெரியவங்க நின்னிருக்கணும். உன்னை நிக்க வெச்சது நான். தப்பு என்னோடது."

போட்டி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. பட்டாணியின் அம்மா வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். ரேடியோ அவர் பக்கத்தில் நின்றாள். அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றார் டீச்சர்.

"மாமாங்க."

அறை உறைந்தது. ஒரு ஹேர்பின் கீழே விழுந்தது. அதுகூடக் கேட்டது.

டீச்சர் கதவை ஒரு விரற்கடை திறந்தார். "யாரோட மாமா?"

வெளியே நின்றவர் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவர் திருதிருவென விழித்தார்.

ரேடியோ இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். "என் மாமா டீச்சர். நெஜமாவே. அம்மாவோட தம்பி."

டீச்சர் நாற்காலியை நகர்த்த எழுந்தார்.

"வேணாம் டீச்சர்" என்றாள் ரேடியோ. இடுக்கு வழியாகவே பாட்டிலை வாங்கினாள். "மாமா, கோச்சுக்காதீங்க. உள்ள பொண்ணுங்க டிரெஸ் மாத்துறாங்க. வெளியவே நில்லுங்க."

தாழைப் போட்டாள்.

"சரிங்க மேடம்" என்றது கதவுக்கு வெளியே ஒரு பணிவான குரல்.

அம்மாவின் மடியில் இருந்த பட்டாணி, பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தாள்.