புதுக் குடும்பம் இல்லை என்றவன்

"மிஸ்... அது புதுக் குடும்பம் இல்ல."

ரூபிகா திரும்பிப் பார்த்தாள். வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை. காலி வீதியையே மறைக்கிற மழை. வேறு இடமில்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், கையில் ரோல்ஸோடு அவளுடைய லப்டொப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்ன கொழுப்பு! ஆனால் அந்தக் கண்கள்... நனைந்த இமைகளுக்குள் சிரிக்கிற கண்கள்...

"நீங்க ஆர்?"

"பிறெடி. கொட்டாஞ்சேனை. நானும் புரோட்டீன் ஆராய்ச்சிதான், வேற கம்பஸ்."

திரையில், 'புதுக் குடும்பம்' என்ற கட்டுரைத் தலைப்பின் கீழ், ரிபன் போலச் சுருண்டு கிடந்தது அவளுடைய செல்லப் புரதம். கண்டல் காட்டுச் சேற்றில் வாழும் ஒரு கிருமியினுடையது. அதன் அமினோ அமில வரிசை தெரிந்த எந்தப் புரதத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஆகவே அது புதுப் புரதக் குடும்பம். பெயர் வைக்கப்போவது அவள்!

"வரிசை ஒத்துப்போகேல்ல. பிறகென்ன?"

"கோடிக்கணக்கான வருசத்தில வரிசை மாறிப்போகும். புரதம் மடிஞ்சு நிக்கிற வடிவம் லேசில மாறாது. பழைய குடும்பங்கள்ட வடிவத்துக்கு மேல இதை வச்சுப் பார்த்தனீங்களா?"

பார்க்கவில்லை. அவளுக்கு முகம் சுட்டது.

"சேர்ந்து பார்ப்பமா? என்ர நம்பர் தாறன்..."

"ஒருத்தற்ற உதவியும் எனக்குத் தேவையில்ல."

"கோவத்திலயும் வடிவாத்தான் இருக்கிறீங்க."

நம்பரைச் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிவிட்டான். பாவி... ஒருதடவை கேட்டதுமே அது மனதில் ஒட்டிக்கொண்டது.

மறுநாளே லேப்பில் வைத்துப் பார்த்தாள். ஒரு பழைய குடும்பத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது. அவன் சொன்னதுதான் சரி! ஒரு கோல் எடுத்திருக்கலாம். வீம்பு விடவில்லை. கட்டுரையைத் திருத்தி எழுதினாள். யார் யாருக்கோ நன்றி சொன்னாள். அவன் பெயரை மட்டும் போடவில்லை.

கட்டுரை வெளிவந்து சில மாதங்கள் கழிந்தன. "உன்ர பிறெடி ஜெர்மனிக்குப் போறாராம், இண்டைக்கு," என்றாள் லேப் சிநேகிதி இமெல்டா. ரூபிகா அவளிடம் மட்டும் எல்லாம் சொல்லியிருந்தாள். அதன்பிறகுதான் ரூபிகா அந்த நம்பரை அழுத்தினாள். விலாசம் கேட்டுக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினாள்.

வாசலில் சூட்கேஸ். அவன் சிரித்தான். கண்கள் சிரிக்கவில்லை.

"பேப்பர் வாசிச்சனான். நல்லா இருந்தது."

"உங்கட பேரைப் போடேல்ல..."

"பார்த்தனான். ஏன் ரூபிகா?"

"போட்டா உங்களோட கதைக்கோணும். கதைச்சா..." அவள் சூட்கேஸைப் பார்த்தாள். "பிடிச்சிருக்கெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

அவன் சூட்கேஸைச் சுவரோரம் தள்ளி வைத்தான்.

"பேருக்காக நான் கவலைப்படேல்ல. உங்கட கோல் வருமெண்டுதான் பார்த்துக்கொண்டு இருந்தனான். வரேல்ல எண்டபடியாத்தான் இந்த ஜெர்மனி வேலைக்கு ஓமெண்டு சொன்னனான்."

"தம்பி, எயார்போட்டுக்கு வான் வந்திட்டுது!" உள்ளேயிருந்து அவனுடைய அம்மாவின் குரல் கேட்டது.

"பிந்திப்போச்செண்டு தெரியும்," என்றாள் ரூபிகா, கண்ணைத் துடைக்காமலே. "தெரிஞ்சுகொண்டுதான் சொல்ல வந்தனான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, பிறெடி."