ஒரு சிட்டிகை மைதா

"நில்லுங்க! அந்தக் கத்தியாலயா வெட்டப் போறீங்க?"

கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! மழைக்கு ஒதுங்கிய பேக்கரியில் 'கோதுமை சேராத அரிசி மாவு கேக்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்டால், இந்த மனுஷன் பிரெட் வெட்டிய கத்தியையே எடுக்கிறானே!

"சுத்தமான கத்திதாங்க," என்றான் பேக்கரிக்காரன்.

"உங்களுக்குச் சுத்தம், எனக்கு விஷம். கோதுமை, மைதா எதுவும் என் குடலுக்கு ஆகாது. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்."

"கடுகளவு கூடவா?"

"கடுகளவு கூடத்தான்!"

அவன் கண்கள்... அடடா! எதிர்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பரிசோதிப்பவள் அவள். இந்த விஷயத்தைச் சொன்னதும் கேலி செய்கிற கண்ணையும் பார்த்திருக்கிறாள், பரிதாபப்படுகிற கண்ணையும் பார்த்திருக்கிறாள். இவன் கண் இரண்டிலும் சேரவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இமையில் கொஞ்சம் மாவு வேறு... சே, இதையெல்லாம் எதுக்குப் பார்க்கணும்?

"நாளன்னிக்கு வாங்க. புதுக் கத்தி, புது டின், புதுத் துடைப்பம்... எல்லாம் உங்களுக்குன்னு தனியா."

"துடைப்பத்துல கேக் செய்வீங்களா?"

"உங்க கோபத்தைக் கூட்டித் தள்ள வேணாமா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மழையிலேயே இறங்கிவிட்டாள்.

வீட்டில் வழக்கமான பாட்டு. "ஒரு வாய்தானே, அதுல உயிரா போயிடும்?" என்றாள் அம்மா. "இதைத் தொடாதே, அதைத் தொடாதேன்னு இருந்தா எவன்டி உன்னைக் கட்டுவான்?"

"என்னைக் கட்டுறவன் என் தட்டையும் சேர்த்துத்தான் ஏத்துக்கணும்மா."

வருஷக்கணக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவள்... இப்போதுதான் நிமிர்ந்து நடக்கிறாள். இந்த உடம்பை இனி யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அம்மாவுக்காகவும் சரி, எவனுக்காகவும் சரி!

சொன்ன நாளில் கேக் தயாராக இருந்தது. பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினான்... அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மதியம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. தன் கண்ணாடிக் கடையில் முதலாளியம்மாவோடு உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டு போனாள்...

கதவு படாரென்று திறந்தது. தொப்பலாக நனைந்து, மூச்சிரைக்க அவன்! ஓடி வந்த வேகத்தில் அவள் கையிலிருந்த துண்டைத் தட்டிவிட்டான்.

"சாப்பிட்டீங்களா? ஐயோ, சொல்லுங்க!"

"இன்னும் இல்ல... என்ன ஆச்சு?"

"கேக் ஒட்டாம இருக்க டின்ல மாவு தூவுவோம். சின்ன வயசுல இருந்து பழகின கை... எண்ணெய் தடவினதும் தானா மைதா டப்பாவுக்குப் போயிடுச்சுங்க. இப்ப அடுத்த டின்னுக்குத் தூவும்போதுதான் சுருக்குன்னுச்சு."

"ஒரு சிட்டிகைதானே தம்பி, அதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்றார் முதலாளியம்மா.

அவள் சட்டென்று எழுந்தாள். "உங்களை நம்பினேனே... போயிடுங்க. இனி உங்க கடை வாசலை மிதிக்க மாட்டேன்!"

தலை குனிந்தபடி வெளியே போனான்.

சிதறிய கேக்கைக் கூட்டி அள்ளினாள். கை அள்ளியது, மனசு அங்கே இல்லை. 'ஒரு வாய்தானே' என்றாள் அம்மா. 'ஒரு சிட்டிகைதானே' என்கிறார் இந்த அம்மா. அவன்...? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? முதலாளியம்மா முன்னாலேயே தன் தப்பைச் சொல்ல அந்த மழையில் ஓடி வந்தானே! அவனிடம் அந்த 'தானே' இல்லையே!

துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

"நில்லுங்க!"

திரும்பினான். கண் சிவந்திருந்தது. மழையா, அழுகையா... கண்ணைப் படிக்கிறவளுக்குத் தெரியாதா என்ன?

"தப்பு பண்ணிட்டேங்க..."

"பண்ணீங்க. ஆனா மறைக்கல. ஒரு சிட்டிகை மாவுக்காக எனக்குன்னு ஓடி வந்த முதல் ஆள் நீங்கதான். எனக்கு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் முகம் மலர்ந்தது. ஒரு எட்டு முன்னால் வந்தவன், சட்டென்று பின்வாங்கினான்.

"எனக்கும்தாங்க... முதல் நாள்ல இருந்தே! ஆனா கிட்ட வராதீங்க, சட்டையெல்லாம் மைதா!"

அவள் கடைக் கூரைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்படியே மழையில நில்லுங்க, எல்லாம் கழுவிப் போகட்டும். நான் காத்திருக்கேன்."

அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"முகத்தையும் நல்லாக் கழுவுங்க," என்றாள்... மெதுவாக.