அசையாமல் நின்றவள்

அவள் அசைந்திருந்தாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாம் நிமிடத்தில் மூக்கு அரித்தது, சொறிந்தாள். கூடத்தின் மறுகோடியில் ஒரு குழந்தை வீறிட்டபோது தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தாள். கால் மாற்றி நின்றாள், ஒருமுறை இருமக்கூடச் செய்தாள். ஆனால் கணவன் காமிராத் திரையில் காட்டிய படத்தில், உலையின் வாய்க்குள் சிவப்புச் சட்டையோடு நின்றிருந்த பெண் துளியும் கலங்கவில்லை. சட்டைப் பொத்தானின் நான்கு துளைகளையும் எண்ணிவிடலாம் போலிருந்தது.

"நகரலதானே?" என்றான் அவன்.

"நகரல."

உண்மையைச் சொன்னால் மறுபடி நிற்க வைப்பான். காய்ச்சலோடு கிடந்த மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "ஆறு மணிக்குள்ள வந்துடுவேன்டா சிட்டு" என்று தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறாள். இப்போதே நாலேகால். ஒரு சின்னப் பொய்யில் அரைமணி நேரம் மிச்சமானால் யாருக்கு என்ன கெட்டுவிடும் என்று நினைத்தாள். முதல் கோணல் முற்றும் கோணல் என்பதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம் வரும்?

அது பழைய இரும்பு வார்ப்பாலை. கழுவித் துடைத்து, சுவருக்கு வெள்ளையடித்து, ஒரு பக்கம் நூலகமும் மறுபக்கம் காப்பிக் கடையும் நடுவில் பிள்ளைகளுக்குச் சறுக்குமரமுமாக வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிந்தது. நகராட்சி கேட்டதோ ஆளில்லாத படம். உலை எத்தனை பெரியது என்று புரிவதற்காக அதன் வாயில் ஒரே ஒரு ஆள் மட்டும் நிற்கலாம். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து இறங்குவது மாலையில்தான் என்பதால், கூட்டம் போகட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை.

அதற்குக் கணவனிடம் ஒரு வித்தை இருந்தது. லென்ஸுக்கு முன்னால் கன்னங்கரேலென்ற ஒரு கண்ணாடியைத் திருகி மாட்டுவான். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். ஒரு படம் விழ நான்கு நிமிடம்.

"நடக்கறவன் எவனும் படத்துல விழ மாட்டான். நிக்கறவன்தான் விழுவான்," என்பான் பெருமையாக. இத்தனை கூட்டத்தையும் அந்தப் படம் சுத்தமாக விழுங்கியிருந்தது. சறுக்குமரம் வெறிச்சோடிக் கிடந்தது.

நிற்பதற்கு வேறு ஆளைத் தேடும் பழக்கம் அவனுக்கு இல்லை. கட்டியவள் எதற்கு இருக்கிறாள்? ஒன்பது வருடமாகப் பாலத்தில், மாடிப்படியில், மழையில், வயிற்றுப் பிள்ளையோடு என்று எங்கெங்கோ நின்றிருக்கிறாள்.

உலைவாயின் கீழே ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். 'உலை வெடித்தபோது எல்லோரும் ஓடினார்கள். இங்கே ஒருவர் மட்டும் தன் இடத்தைவிட்டு அசையவில்லை. பெயர் தெரியவில்லை.' அதை உரக்கப் படித்துவிட்டு அவன் சிரித்தான்.

"பாரு, வெடிச்சப்பகூட நகரல. உனக்கு நாலு நிமிஷம் நிக்க வலிக்குது. இன்னும் ரெண்டடி உள்ள போய் நில்லு."

"சிட்டு தேடுவா, ஏங்க."

"தேடட்டும். போ."

இரண்டாம் முறை உள்ளே ஏறி நின்றாள். செங்கல் குளிர்ச்சியாகத்தான் இருக்கவேண்டும். அணைந்து நாற்பது வருடமான உலை. ஆனால் முதுகுப் பக்கம் இதமான ஒரு சூடு இருந்தது, அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நிற்கும்போது தெரிவதுபோல. கூடத்தின் இரைச்சல், பிள்ளைகளின் கூச்சல், கோப்பைகள் உரசும் ஒலி எல்லாம் வாசலோடு நின்றுவிட, உள்ளே காய்ந்த இரும்பு வாடையும் அதற்கடியில் தலைமயிர் பொசுங்கும் மெல்லிய நாற்றமும் மட்டும் மிஞ்சின. அவள் மூச்சை இழுத்தாள். பின்னால் யாரோ மூச்சை இழுக்காமல் நின்றார்கள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. மூச்சு விடாத ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் அதுவும் காதில் விழும் என்பதை அன்றுதான் அறிந்தாள். தாங்க முடியாமல் ஓர் அடி முன்னால் வந்தாள்.

படம் முன்னதைவிடத் தெளிவாக இருந்தது. அதில் அவள் முன்னால் வரவில்லை. வைத்த இடத்திலேயே கைகளைத் தொங்கவிட்டு நின்றிருந்தாள். நான்கு நிமிடமும் திறந்தே இருந்தவைபோலக் கண்கள்.

"ஏங்க, நான் நகர்ந்தேன்," என்றாள்.

அவன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க!"

"என்ன? எப்ப வந்த?"

"படத்துல இருக்கறது நானில்ல. நான் நகர்ந்தேன். மொதல்லயும் நகர்ந்தேன், பொய் சொன்னேன்."

"இங்க பாரு, பொத்தான்கூடத் தெளிவா இருக்கு. வீட்டுக்குப் போறதுக்கு என்னென்ன கதை கட்டற!"

தண்ணீர் வாங்கக் காப்பிக் கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்த பெண் அவளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்து "என்ன வேணும் சார்?" என்றாள். "நான் முன்னாடியே நிக்கறேன்," என்று இவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. திரும்பும்போது ஒரு தடியன் நேராக வந்து தோளில் மோதினான். மோதியதாகவே அவனுக்குத் தெரியவில்லை, நடந்துகொண்டே போனான்.

ஓடிவந்து கணவனின் கையைப் பிடித்தாள். அவன் கொசுவைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டு, பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"போலாங்க. எனக்குப் பயமா இருக்கு. கும்பிட்டுக் கேக்கறேன்."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! இந்த வெயில் இன்னும் பத்து நிமிஷம்தான். கடைசிப் படம். இதுலயாவது ஒழுங்கா நின்னா வீடு. இல்லேன்னா நாளைக்கும் வருவோம், அதுக்கு மறுநாளும் வருவோம். சிட்டு அங்கேயே கெடக்கட்டும்."

போனையாவது கையில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். சட்டைப் பை புடைத்துத் தெரியும் என்று அதைப் பிடுங்கி அவள் பைக்குள் போட்டு, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவள் ஏறினாள். நாலே நிமிடம். நின்றுவிட்டால் வீடு. இந்த முறை நிஜமாகவே நிற்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு நிமிடம். செங்கல் சுட ஆரம்பித்தது. பொசுங்கும் நாற்றம் இப்போது மெல்லியதாக இல்லை.

இரண்டு நிமிடம். குனியாமலேயே தெரிந்தது. அவள் கால்களை ஒட்டி இன்னும் இரண்டு கால்கள்.

யாரும் தொடவில்லை. ஆனால் சட்டையின் முதுகுக்குள், அவளோடு சேர்ந்து, இன்னொரு முதுகு. சட்டைக் கைக்குள் இன்னொரு கை, விரலுக்குள் விரலாக. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

மூன்று நிமிடம். கழுத்தில் ஒரு கன்னம் வந்து படிந்தது.

சூடான கன்னம். தோல் இல்லை.

நகராதே. நகராதே. சிட்டு. நகராதே.

அப்போது சிட்டு சிரித்தாள். கணவனின் தோளில் தொங்கிய பைக்குள் போன் அடித்தது. மகளின் சிரிப்பைத்தான் அழைப்பு மணியாகப் பதிந்து வைத்திருந்தாள். ஒருமுறை. இரண்டு முறை. அவன் எடுக்கவில்லை.

அவள் ஓடினாள்.

படம் கெட்டது கெட்டதுதான். அறைந்தால் அறையட்டும். காமிராவுக்கு முன்னாலேயே போய் நின்று, "எடுங்க, புள்ள கூப்பிடறா!" என்று கத்தினாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று ஓர் ஒலி. நான்கு நிமிடம் முடிந்தது. திரையைப் பார்த்தவனின் முகம் மலர்ந்துபோனது.

"அடி சக்கை! இப்படி நிக்கறதுக்கு உனக்கு ஒம்பது வருஷமாச்சு. வா, எறங்கு. போலாம்."

அதை அவன் உலையைப் பார்த்துச் சொன்னான்.

உலையின் வாயிலிருந்து சிவப்புச் சட்டை இறங்கியது. ஒரு கால். நின்றது. இன்னொரு கால். முகம் அவளுடையதுதான். கண் இமைக்கவில்லை.

"அது நானில்ல! ஏங்க! நான் இங்க இருக்கேன்!" அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். துணி கசங்கவேயில்லை.

சிவப்புச் சட்டை அவன் தோளிலிருந்து பையை எடுத்தது. போன் மறுபடியும் சிரித்தது. ஒரு விரல் அதைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தியது.

"சொல்லுடா சிட்டு." அதே குரல். அவள் மகளிடம் மட்டும் பேசும் குரல். "கெளம்பிட்டேன்டா. காய்ச்சல் அடிக்குதா? அம்மா வர்ற வரைக்கும் அப்படியே படுத்திரு. அசையவே கூடாது, என்ன? மூச்சுகூட மெதுவா விடு. மீதியை நான் வந்து சொல்லித் தரேன்."

கணவன் சிரித்துக்கொண்டே காமிராத் தாங்கியை மடக்கினான். வாசல் கண்ணாடிக் கதவு இருவருக்கும் திறந்தது. இவள் முட்டி மோதி ஓடி வருவதற்குள் மூடிக்கொண்டது. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். ஓசையே எழவில்லை. வெளியே கார் கிளம்பி, வாசல் மேட்டில் ஏறிக் குலுங்கி இறங்கியது. கணவனின் தலை ஆடியது. பக்கத்து இருக்கையில் சிவப்புச் சட்டை ஆடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

பின்னால் காலடிகள் கேட்டன. திரும்பினாள். காப்பி குடிப்பவர்களுக்கும் சறுக்குமரத்துப் பிள்ளைகளுக்கும் ஊடே, யார் கண்ணிலும் படாமல், தீய்ந்த கைகளோடு ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வாசல்வரை வந்தார்கள். கதவை அறைந்தார்கள். திரும்பினார்கள். மறுபடியும் ஓடி வந்தார்கள்.

"சிட்டு," என்று அலறிக்கொண்டு அவளும் ஓடினாள்.