சொம்பில் வந்த சீந்தில்

பால் பொங்குவதற்குள் பக்கத்துப் போர்ஷனிலிருந்து பச்சையம்மாவின் நாத்தனார் கங்கையம்மாள் சொம்போடு வந்துவிட்டாள். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அறுத்த சீந்தில் கொடியை இடித்துக் காய்ச்சிய கஷாயம்.

"குடி தம்பி. உடம்புல எதிர்ப்பு சக்தி ஏறணும். அப்பத்தான் எந்த நோயும் கிட்ட வராது."

சம்பந்தம் முகம் சுளிக்காமல் குடித்தான். "எங்க அக்கா கை மருந்துதான் என்னை நடமாட வச்சிருக்கு."

அடுப்படியில் பச்சையம்மாவுக்கு வயிறு எரிந்தது. அவளுடைய சிறுநீரகம்தான் மூன்று மாதமாக அவன் வயிற்றில் இருக்கிறது. விலாவுக்குக் கீழே தையல் இன்னும் இழுக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை...

எழுதிக் கொடுத்த மாத்திரை தவிர வேறெதுவும் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏனென்று இவள் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்லிப் பார்த்ததற்கு, "மூலிகை இன்னாடி பண்ணும்?" என்று கங்கையம்மாள் அண்ணி வாயை அடைத்துவிட்டாள்.

மறுநாள் அவன் குளிக்கப் போயிருந்தான். "நான் குடுக்கறேன் அண்ணி" என்று சொம்பை வாங்கிப் போய்ப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றினாள். ஊற்றுவது பயத்திலா பொறாமையிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அண்ணி பார்த்துவிட்டாள்.

"ஒரு கிட்னி குடுத்துட்டா என் தம்பி மொத்தமா உனக்கா? நான் காச்சிக் குடுக்கறதுகூட பொறுக்கலியா உனக்கு..."

"ஏன் பச்சை இப்படிப் பண்ணே?" என்றான் சம்பந்தம். அவள் காலிச் சொம்பைக் கழுவப் போனாள்.

அந்த வாரப் பரிசோதனைக்கு அண்ணியும் கூடவே ரயிலேறினாள். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் நெற்றியைச் சுருக்கியதும் முந்திக்கொண்டாள்.

"கேளுங்க டாக்டர். நான் எதிர்ப்பு சக்திக்கு சீந்தில் காச்சிக் குடுக்கறேன், இவ சாக்கடையில ஊத்துறா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, அந்தச் சக்திக்கு இது வெளியிலிருந்து வந்த கிட்னின்னு தெரியும். விரோதின்னு நெனச்சு அடிக்கும். அதைத் தூங்க வைக்கத்தான் நான் மாத்திரை குடுக்கறேன். நீங்க தட்டி எழுப்பிக்கிட்டிருக்கீங்க. இந்தம்மா ஊத்தினது நல்லதாப் போச்சு. இப்பவே ஊசி போட்டா காப்பாத்திடலாம்."

வெளியே வந்ததும் சம்பந்தம் மனைவி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். அண்ணி பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள்.

"தாயில்லாத புள்ளடி. இடுப்புல தூக்கிகினு வளர்த்தவ நான். நான் கிட்னி குடுக்கறேன்னேன், என் ரத்தம் சேரலன்னுட்டாங்க. நேத்து வந்த உன்னுது சேருது... என் கையால ஏதாவது ஒண்ணு அவன் உடம்புக்குள்ள போவணும்னு கெடந்து தவிச்சேன்."

பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் பொறாமைதான் அண்ணி. அந்த சொம்பைப் பார்த்தாலே பத்திக்கினு வரும்."

அண்ணி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஊசியெல்லாம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் காலை, பால் பொங்குவதற்குள் அதே சொம்பு வந்தது. பச்சையம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"வெறும் அரிசிக் கஞ்சிதான். அவனுக்கில்ல, உனக்கு. அறுத்துக் குடுத்த உடம்பு, யாரு பார்த்தோம் உன்னை?" அண்ணி சொம்பை அவள் கையில் திணித்தாள். "இதையும் சாக்கடையில ஊத்திடாதே."